நாலாவது மாடி முதலில்

தண்ணீர் கேன் போடுகிறவர்கள் கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போவார்கள். ரெஜினா மேலே தொடங்கிக் கீழே வருவாள். காலை ஐந்தேகாலுக்கு அவள் கணவன் கிருபாகரன் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியைப் பின்புறமாக எடுத்து வந்து கட்டிடத்தின் படிக்கட்டோடு ஒட்டி நிறுத்துவான். அவள் வலது தோளில் ஒரு இருபது லிட்டர் கேன், இடது கையில் ஒரு கேன் எடுத்துக்கொண்டு நேரே நாலாவது மாடிக்குப் போவாள். அது முடிந்த பிறகுதான் மூன்று, இரண்டு, ஒன்று. "பேஜாரான வேலைய மொதல்ல முடிச்சிடணும். கீழ் வூட்டுக்காரங்க எங்க ஓடிடப் போறாங்க?" என்பாள். கூடுவாஞ்சேரியில் கேன் போடுகிற ஆண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் முதுகு பிடித்துக்கொண்டு தொழிலை விட்டவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள்.

அந்தக் கட்டிடத்தின் பெயர் கடல்காற்று அபார்ட்மென்ட்ஸ். அங்கிருந்து கடலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று பிளாக்குகள், ஒவ்வொன்றுக்கும் நாலு மாடி. லிப்ட் அடுத்த வருஷம் வரும் என்று சொல்லி வீட்டை விற்ற பில்டர், அடுத்த வருஷம் வருவதற்குள் ஊரைவிட்டே போய்விட்டார். லிப்ட் வராத கட்டிடத்துக்குப் பதினோரு வருடமாக ரெஜினா வந்துகொண்டிருந்தாள். அங்கே மட்டும் நாளொன்றுக்கு அறுபது கேன். அவள் போடுகிற மொத்த கேன்களில் பாதி அந்த ஒரு கட்டிடத்துக்குத்தான்.

பிறந்தது அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில். அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பள்ளிக்கூடத்தில் ரெஜினா குண்டு எறிந்தாள். மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வந்தபோது ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அடுத்த போட்டி திருச்சியில். கூட அனுப்ப ஆள் இல்லை, பஸ்சுக்கு வழியும் இல்லை. டிபன் பாக்ஸ் மட்டும் இன்னும் இருக்கிறது, மூடி தொலைந்துவிட்டது.

கல்யாணமாகி கூடுவாஞ்சேரிக்கு வந்தவள் முதலில் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பிறகு ஒரு பழைய எக்ஸ்எல் மொபெட். அப்புறம் குட்டியானை. இதற்கு நடுவில் பெரிய கதை ஒன்றும் கிடையாது. தினமும் போனாள், அவ்வளவுதான். வெள்ளம் வந்த டிசம்பரில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஏழெட்டு கேன்களைக் கயிற்றால் கட்டி வெள்ளத்தில் மிதக்கவிட்டு இழுத்துக்கொண்டே வந்தாள். பால்கனியிலிருந்து பார்த்தவர்கள் கைதட்டினார்கள். "கைய அப்புறம் தட்டலாம், காலி கேன எறக்குங்க" என்று கீழிருந்து கத்தினாள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். செகரட்டரி நரசிம்மன் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலாவது மாடியில் குடியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் எழுத்தில்தான் நம்புவார். கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட்ஸ் நோட்டில் ஏறாத பேச்சு பேச்சே இல்லை என்பது அவர் வைத்த சட்டம். படிக்கட்டில் பல்பு எரியவில்லை என்று ஒருத்தர் வாயால் சொன்னதற்கு, மினிட்ஸில் இல்லை என்று இரண்டு மாதம் இருட்டிலேயே ஏறி இறங்கினவர்.

"ஆப்ல தண்ணி கேன் புக் பண்ணினா யூனிஃபார்ம் போட்ட ஆளு வருவான். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்," என்று தொடங்கினார். "ரெஜினாவுக்கும் நாப்பத்திரண்டு ஆச்சு. படியில விழுந்து கிழுந்து வெச்சா, நாளைக்கு நாமதான் பதில் சொல்லணும்."

ரெஜினா நின்றுகொண்டே கேட்டாள். மூன்றாம் மாடி அம்சா டீச்சர், அசோசியேஷனின் துணைச் செகரட்டரி, தன் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். ரெஜினா உட்காரவில்லை.

"பதினோரு வருஷத்துல ஒரு நாளு உழுந்துகிறனா சார்?"

"இனிமே விழ மாட்டேன்னு என்ன உத்தரவாதம்? தவிர, கேன் தூக்கறதுல என்னம்மா இருக்கு? யார் வேணா தூக்கலாம்."

அந்தக் கடைசிச் சொல் வந்து விழுந்ததும் அவள் காது மடல் சூடாயிற்று.

"உத்தரவாதம் இன்னா மாதிரி ஓணும்? வாயத் தொறந்து சொல்லுங்க சார்."

எதிர்ச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஷெட்டுக்கு மேல் ஜிம் வைத்திருக்கும் ஜெபசிங் கட்டியது. மாமல்லபுரத்தில் தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்டில் மாவட்ட அளவிலான போட்டி, ஆண்கள், பெண்கள், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவு. நரசிம்மன் அதைக் காட்டினார்.

"அதோ. அதுல போய் வெயிட்டைத் தூக்கி, எழுத்துல வாங்கிட்டு வா. அப்புறம் நீ எழுபது வயசு வரைக்கும் கேன் போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. அம்சா டீச்சர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார். "மினிட்ஸ்ல ஏத்திடவா சார்?"

"ஏத்துங்க, ஏத்துங்க," என்றார் நரசிம்மன் சிரிப்பு அடங்காமல்.

டீச்சர் உருண்டையான கையெழுத்தில் எழுதினார்: மாவட்டப் போட்டியில் எடை தூக்கியதற்கான சான்றிதழைத் திருமதி ரெஜினா கொண்டுவந்தால் தண்ணீர் ஏற்பாடு அவரிடமே தொடரும். இல்லையெனில் போட்டிக்கு மறுநாள் முதல் புதிய ஏற்பாடு. எழுதிவிட்டு வாசித்தார். வழக்கம்போல நரசிம்மன் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டிக்குப் பதினோரு வாரம் இருந்தது.

"இன்னாமே, அந்தாளு தமாஷ் பண்றாரு, நீ நெசம்னு நெனச்சுக்கினியா?" என்றான் கிருபாகரன் வண்டியை எடுத்துக்கொண்டே.

"தமாஷுக்குக் கையெழுத்துப் போடுவாங்களா? வண்டிய ஜிம்முக்கு வுடு."

ஜெபசிங்குக்கு இருபத்தாறு வயது. ரெஜினாவைப் பார்த்ததும் தண்ணீர் கேன் வந்துவிட்டது என்று நினைத்து, "உள்ள வெச்சிடுங்க அக்கா" என்றான். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்காமல் கேட்டான். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தரையில் கிடந்த இரும்பு ராடில் எண்பது கிலோ மாட்டிவிட்டுத் தள்ளி நின்றான். அவள் குனிந்து பிடித்தாள், தூக்கினாள், நிமிர்ந்தாள். ஜெபசிங் விசிலடித்தான்.

"சூப்பர் அக்கா. ஆனா செல்லாது."

"ஏன்? தூக்கல?"

"தூக்கினீங்க. நடுவுல தொடையில தாங்கி நிறுத்தி, அங்கேருந்து எக்கி ஏத்தினீங்க. ரூல்ல அது தப்பு. மூணு ஜட்ஜும் சிவப்பு லைட்டு போட்டுருவாங்க."

"ஏன் தம்பி, அது என் தொடைதானே?"

கேன் தூக்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். கழுத்தையும் அடியையும் பிடித்து இழுத்து, ஒரு நொடி தொடையில் உட்கார வைத்து, தொடையாலேயே ஒரு எக்கு எக்கித் தோளுக்கு ஏற்றுவார்கள். ரெஜினாவின் சுடிதார் பேன்ட் எல்லாம் வலது தொடையில்தான் முதலில் நைந்துபோகும். எந்த வேலை அவள் உடம்பை இரும்பாக்கியதோ, அதே வேலை இந்தப் பழக்கத்தையும் உடம்புக்குள் ஏற்றிவிட்டிருந்தது.

ஜெபசிங் ஒரு வழி சொன்னான். "போட்டி முடியற வரைக்கும் கேனுக்கு வேற ஆளப் போட்டுக்கோங்க. இங்க சாயங்காலம் நான் திருத்தறேன், காலையில கேன் வந்து கெடுக்குது."

"கேன் போடறதுக்காகத்தான் தம்பி இதத் தூக்கறேன். அத நிறுத்திட்டு இதத் தூக்குனா, அப்புறம் நான் இன்னாத்துக்குத் தூக்கறேன்?"

மறுநாள் காலையிலிருந்து கேன் தூக்குகிற முறையையே மாற்றினாள். தொடையைத் தொடாமல் கேனை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவர வேண்டும். அறுபது கேன், அறுபது தடவை. கிருபாகரன் வண்டியோரம் நின்று பார்ப்பான். தொடை கேனைத் தொட்டால், "ரெட்டு!" என்று ஒரு சத்தம். அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்க வேண்டும். முதல் வாரம் முழுவதும் ரெட்டு, ரெட்டு என்று கட்டிடமே எழுந்துகொண்டது. விடியற்காலையில் வண்ணங்களின் பெயரைக் கத்த வேண்டாம் என்று நரசிம்மன் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டார். கிருபாகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். நிறுத்தவில்லை.

"இத்தினி வருஷம் கட்டிக்கினு இருந்தும் ஒன்ன ஒரு தபா கூடத் தப்புன்னு சொன்னதில்ல. இப்ப ஒரு நாளைக்கு முப்பது தபா சொல்றேன். நல்லாத்தான்கீது," என்றான்.

"சொல்லு சொல்லு. போட்டி முடியட்டும், அப்புறம் நான் சொல்றேன்."

சாயங்காலங்களில் ஜிம். தொண்ணூறு சீக்கிரம் வந்தது. நூறு வரவே இல்லை. மூன்று வாரம் ராடு முழங்காலோடு நின்றது. நாலாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டு ஐந்து நாள் விடவில்லை. அந்த ஐந்து நாளும் ஒரு நடைக்கு ஒற்றைக் கேனாக எடுத்துக்கொண்டு இரட்டிப்பு தடவை படி ஏறினாள், ஒரு வீட்டுக்கும் தாமதமாகவில்லை. முழங்காலுக்குக் கீழே ராடு உராய்ந்து தோல் போயிற்று. ஒன்பதாவது வாரம் நூற்றுப் பத்து சுத்தமாக வந்தது. நூற்றிருபது ஒரே ஒரு தடவை வந்தது. அப்போது தொடை தாங்கியதா இல்லையா என்று ஜெபசிங்கால் சத்தியம் செய்ய முடியவில்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அறுபது கேனைப் போட்டுவிட்டுத்தான் திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போனார்கள். குட்டியானையின் முன்னால் ஜெபசிங்கோடு சேர்த்து மூன்று பேர், பின்னால் காலி கேன்கள் தடதடவென்று உருண்டுகொண்டிருந்தன. போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடைப் பின்னணியிலிருந்து இன்னும் கழற்றப்படவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்தில் ராடு கிடந்தது. பந்திக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது. வெளியே சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம். கடற்காற்றில் எல்லாம் பிசுபிசுத்தது, பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் தடவிய சாக் பவுடர் நிற்கவில்லை.

போட்டிக்கான இறுக்கமான உடையில் ரெஜினா வெளியே வந்ததும் கிருபாகரன் மேலும் கீழும் பார்த்தான். "இன்னாமே இது, நீச்சலடிக்கப் போறியா?"

"வாய மூடிக்கினு உக்காரு. எனக்கே கூச்சமாத்தான்கீது."

பதிவு செய்கிற மேஜையில் இருந்தவர் அவளுக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, எப்படியும் கலந்துகிட்டதுக்கு ஒரு சர்டிபிகேட் உண்டு."

"அதுல எத்தினி கிலோ தூக்குனேன்னு எழுதுவீங்களா?"

"தூக்கினாத்தான் எழுதுவோம்."

அம்சா டீச்சர் வாசித்தது அவள் காதில் ஒலித்தது. எடை தூக்கியதற்கான சான்றிதழ். கலந்துகொண்டதற்கான காகிதம் நரசிம்மனிடம் ஒரு நிமிஷம் நிற்காது.

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்றாவது செல்ல வேண்டும். அவளுடைய பிரிவில் மற்ற இருவரும் பழகினவர்கள், இடுப்பில் பெல்ட், ஆளுக்கொரு பயிற்சியாளர். லேசானதில் தொடங்கி ஏற வேண்டும் என்பது ஜெபசிங்கின் கணக்கு. முதலில் நூற்றுப் பத்து. அவள் குனிந்தாள், ராடு வந்தது, வந்த வேகத்தில் தொடையில் உட்கார்ந்து எக்கி நின்றது. மூன்று சிவப்பு விளக்கு. கூட்டத்தில் யாரோ, "தூக்கிட்டாங்களே, அப்புறம் ஏன் ரெட்டு?" என்றார்கள்.

இரண்டாவது தடவையும் நூற்றுப் பத்து. மறுபடி தொடை. இந்தத் தடவை அவளுக்கே தெரிந்தது. தெரிந்தபோது காரியம் முடிந்திருந்தது. மூன்று சிவப்பு.

மேடைக்குப் பின்னால் மணமகள் அறையில் வந்து உட்கார்ந்தாள். தொடையில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அக்கா, பதறாதீங்க. அதே நூத்திப்பத்துல நில்லுங்க. உங்களால முடியுது," என்றான் ஜெபசிங்.

"முடியுது தம்பி, அதான் தப்பாப் போச்சு. லேசாக்கீது. லேசா இருந்தா ஒடம்பு இத கேனுன்னு நெனச்சுக்குது. நூத்தி இருபது போடச் சொல்லு."

"கடைசி சான்ஸ் அக்கா. போச்சுன்னா பேப்பர்ல வெறும் பேருதான் வரும்."

"தெரியும். பதினோரு வருஷமா நான் கீழ் வூட்டுலேருந்து ஆரம்பிச்சதே இல்ல. இன்னிக்கி நீ சொன்னேன்னு ஆரம்பிச்சேன், பாத்தல்ல? நாலாவது மாடிய எழுதிக் குடு."

அவன் போய் எழுதிக் கொடுத்தான்.

நூற்றிருபது. ஆறு கேன். மேடையில் ஏறியபோது கூடம் அடங்கியிருந்தது. குனிந்தாள். ராடு தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் இருந்தது. பிறகு விட்டது. கணுக்கால், முழங்கால். முழங்காலைத் தாண்டியதும் அந்த இடம் வந்தது. பாரம் உடம்பைக் கீழே இழுத்தது. தினமும் வேலைக்கு வந்து பழகின ஆள் கூப்பிடாமலே வந்து நிற்பது போல, வலது தொடை முன்னால் நகரப் பார்த்தது.

"ரெட்டு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. கிருபாகரன் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அது எச்சரிக்கையா, பதற்றமா, காலை நேரத்துப் பழக்கமா என்று அவனிடம் பிறகு கேட்டபோது அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் அவள் உடம்புக்குத் தெரியும். பதினோரு வாரம், விடியற்காலை, ஒவ்வொரு கேனுக்கும் கேட்ட சத்தம். தொடை தானாகப் பின்வாங்கியது. இடுப்பு முன்னே வந்தது. முதுகில் ஏதோ ஒன்று கிறீச்சிட்டது போலிருந்தது. ராடு தொடையில் உட்காராமல், நிற்காமல், மயிரிழை மயிரிழையாக ஏறியது. தோள் பின்னால் போயிற்று. முழங்கால் பூட்டிக்கொண்டது. நின்றாள்.

நடுவர் கையைக் கீழே இறக்கி, "டவுன்" என்று சொல்லும்வரை, நாலாவது மாடி வாசலில் கதவு திறக்கக் காத்திருப்பது போலவே நின்றாள்.

மூன்று வெள்ளை விளக்கு.

மற்ற இருவரும் அவளைவிட அதிகம் தூக்கினார்கள். அவள் மூன்றாவது. சான்றிதழில் பெயருக்குக் கீழே 120 கிலோ என்று மை பேனாவால் எழுதியிருந்தார்கள். வழியில் கிருபாகரன் அதை மூன்று தடவை வாங்கிப் பார்த்தான். "எண்ணெய்க் கையோட தொடாத. அதுக்குத்தான் பதினோரு வாரம்," என்றாள்.

மறுநாள், திங்கட்கிழமை, ஐந்தேகால். வலது தோளில் ஒரு கேன், இடது கையில் ஒரு கேன், சுருட்டிய காகிதம் துப்பட்டா முடிச்சில். நேரே நாலாவது மாடி. நரசிம்மன் கதவைத் திறந்தார். அவள் இரண்டு கேனையும் இறக்கிவிட்டுக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "மூணாவது இடம். எத்தனை பேர் கலந்துகிட்டாங்க?"

"மூணு பேரு."

"மூணு பேர்ல மூணாவதா?" அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஆமா சார். இந்த மாவட்டத்துல நாப்பது தாண்டுன பொம்பளைங்க எத்தினி லட்சம் பேரு இருப்பாங்க? மேடையேறுனது மூணே பேரு. மிச்சம் அத்தினி பேரும் எனக்குப் பின்னாடிதான். வேணும்னா அதையும் மினிட்ஸ்ல ஏத்திக்கங்க."

"அன்னிக்கி ஏதோ விளையாட்டா..." என்று தொடங்கினார்.

கீழே மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. "விளையாட்டுன்னு மினிட்ஸ்ல இல்ல சார். கையெழுத்து உங்களுது," என்ற அம்சா டீச்சரின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

நரசிம்மன் காகிதத்தை இன்னொரு தடவை முழுக்கப் படித்தார். பிறகு அதை ஒழுங்காகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். "ஒரு ஜெராக்ஸ் குடுத்துடு. ஃபைல்ல வெக்கணும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, கேனை எடுத்து மேல கவுத்துட்டுப் போம்மா."

பதினோரு வருடமாக அவருடைய கேனைச் சமையலறை வரை கொண்டுபோய், மூடியை உடைத்து, தண்ணீர் பிடிக்கிற ஸ்டாண்டின் மேல் கவிழ்த்துவிட்டுப் போகிறவள் அவள்தான். அவருக்கு மட்டுமல்ல, கேட்கிற எல்லோருக்கும். வயதானவர்கள் வீட்டில் கேட்காமலே செய்வாள்.

"வாசல் வரைக்கும்தான் சார் என் வேல. உள்ள கவுத்தறது மினிட்ஸ்ல எங்கயும் இல்ல." துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். "அதுவுமில்லாம, யார் வேணா தூக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

அவள் படியிறங்கத் தொடங்கினாள். நாலைந்து படி போனதும் பின்னால் ஒரு முனகல் கேட்டுத் திரும்பினாள். நரசிம்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தார். கேனைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். பாதி வந்தது. கால் தடுமாறி, கேனை வலது தொடையில் உட்கார வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"ரெட்டு சார்!" என்று குரல் கொடுத்துவிட்டு, அடுத்த கேனைத் தூக்க ரெஜினா கீழே இறங்கினாள்.